கடைசிப் பெட்டியும் சுரேஷ்குமார் சாரும்

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்தப் பெட்டி இந்த வீட்டை விட்டு வெளிய போகணும்!"

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இட்லிக்கும் இரண்டாவது காபிக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் இப்படி ஓர் ஆணை பிறப்பித்தார். கை பரணைக் காட்டியது. பரண்மேல் ஒரு அட்டைப்பெட்டி.

என் வீட்டுக்காரர் பெயர் பிச்சமுத்து. ஓய்வு பெற்ற சர்வேயர். முப்பத்து மூன்று வருஷம் மாவட்டத்தில் உள்ளவர்கள் எல்லையையெல்லாம் அளந்து கல் நட்டவர். சொந்த வீட்டில் தன் எல்லை எது என்பது மட்டும் அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பெட்டிக்குள் இருந்தவை நாற்பத்து மூன்று ஜப்பான் படக்கதைப் புத்தகங்கள். 'ஒன்பதாம் கடல்' என்று தொடர்கதை. டொமாரு என்று ஒரு கடற்கொள்ளைக்காரப் பையன். செத்துப்போன ஒரு கிழட்டுக் கொள்ளையன் 'கடைசிப் பெட்டி' என்று ஒன்றை எங்கோ ஒளித்து வைத்துவிட்டான். அது எங்கே இருக்கிறது, அதற்குள் என்ன இருக்கிறது? இருபது வருஷமாக எழுதுகிறவர் சொல்லவில்லை. உலகம் முழுக்க ஆளாளுக்கு ஒரு யூகம் வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் ஒரே மகள் ரஞ்சனி எட்டாம் வகுப்பிலிருந்து பிறந்தநாளுக்கு ஒன்று, பரீட்சைக்கு ஒன்று என்று சேர்த்த புத்தகங்கள் அவை. அவள் இப்போது சென்னையில், ஒரு அனிமேஷன் கம்பெனியில் படம் வரைகிறாள். அப்பாவோடு பேச்சு கிடையாது. எட்டு மாதமாகக் கிடையாது.

காரணம் பெரிய காரணம் இல்லை. குரூப் டூ பரீட்சையில் முதல் கட்டம் தேறிவிட்டு, இரண்டாம் கட்டத்துக்குப் போகாமல் சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"பொம்மை வரையறதெல்லாம் ஒரு வேலையா? எல்.கே.ஜி. பிள்ளை கூட வரையும்" என்றார் இவர்.

"எல்.கே.ஜி. பிள்ளையை யாரும் இப்படித் திட்ட மாட்டாங்க" என்றாள் அவள்.

"அவளா பேசற வரைக்கும் நான் பேசமாட்டேன்."

"அவரா பேசற வரைக்கும் நானும்."

இரண்டும் ஒரே அச்சு. நடுவில் மை மாதிரி நான்.

தினமும் மாலை ஆறரைக்கு ரஞ்சனி எனக்குப் போன் பண்ணுவாள். அந்த அரை மணி நேரமும் இவர் டி.வி.யில் சத்தமே வைக்காமல் கிரிக்கெட் பார்ப்பார். நான் போனை வைத்ததும் கேட்பார்.

"யாரு போன்ல?"

"உங்களுக்கு வேண்டாதவங்க."

"சாப்பிட்டாங்களாமா, அந்த வேண்டாதவங்க?"

"ஆச்சாம்."

"என்னவாம்?"

"தோசையாம்."

"ஹும். எனக்கென்ன" என்பார். பிறகு டி.வி.க்குச் சத்தம் வரும்.

இப்போது புரிகிறதா அந்த ஆணைக்கு என்ன அர்த்தமென்று? மகள் மேல் உள்ள கோபத்தை மகளிடம் காட்ட முடியவில்லை. பெட்டி மாட்டிக்கொண்டது.

நான் என்ன செய்தேன்? "வேண்டாங்க" என்று கெஞ்சினேனா? கெஞ்சியிருந்தால் பெட்டி பத்து மணிக்கே போயிருக்கும். இவரோடு இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துகிறேன். நான் கிழக்கென்றால் அவர் மேற்கு.

"நானே சொல்லணும்னு இருந்தேன். முதல்ல தூக்கிப் போடுங்க. ஆனா ஒண்ணு, தயவு செஞ்சு ஒரு புக்கையும் திறந்து பாத்துடாதீங்க. உங்களுக்கெல்லாம் புரியாது" என்றேன்.

"எனக்கா புரியாது?"

"இங்கிலீஷ்ல இருக்கு."

"கான்வென்ட்ல படிச்சுட்டா நாட்டுல இங்கிலீஷ் மொத்தமும் உனக்குப் பட்டா போட்டுக் குடுத்துருக்காங்களா?"

பழைய பேப்பர் வாங்கும் காத்தான் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. அவர் தள்ளுவண்டிச் சக்கரம் அம்மா மண்டபம் ரோட்டில் கழன்றுவிட்டதாம். அந்தச் சக்கரத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காத்தான் வருவதற்குக் காத்திருந்த நேரத்தில் இவர் ஒரு புத்தகத்தை எடுத்தார். சும்மா, எடை பார்க்க. ஐந்து மணிக்கும் எடைதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்குக் காத்தான் வந்து குரல் கொடுத்தபோது இவரே வாசலுக்கு ஓடி, "இன்னைக்கு இல்லப்பா. அப்புறம் சொல்றேன்" என்று கதவைச் சாத்தினார்.

மறுநாள் கடையிலிருந்து பழுப்புக் காகிதம் ஒரு சுருள் வந்தது. சர்வே ஆபீஸ் பழக்கம் இது. எந்தப் புத்தகமானாலும் முதலில் அட்டை போட வேண்டும். மடிப்பை மைதா பசையால் முழுசாக ஒட்ட வேண்டும். மேலே லேபிள் எழுத வேண்டும். எழுதினார். 'நில அளவை விதிகள், பாகம் 1'. அப்படியே பாகம் நாற்பத்து மூன்று வரை. அவ்வளவு விதி போட்டு அளக்கத் தமிழ்நாட்டில் நிலமே கிடையாது.

முதல் பாகத்தை அவர் விரித்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஜப்பான்காரர்கள் புத்தகத்தை வலப்பக்கத்திலிருந்து படிப்பார்கள். நமக்குக் கடைசி அட்டை எதுவோ அதுதான் அவர்களுக்கு முதல் அட்டை. நம்மைப் போன்றவர்கள் தெரியாமல் இந்தப் பக்கமாகத் திறந்துவிடுவோம் என்று, திறந்த உடனே கண்ணில் படுகிற மாதிரி ஒரு அறிவிப்பே போட்டிருப்பார்கள்: 'நில்லுங்கள்! இது கடைசிப் பக்கம். புத்தகத்தைத் திருப்பிப் பிடியுங்கள்.' ரஞ்சனி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவளோடு உட்கார்ந்து முதல் பத்து புத்தகம் நானும் படித்திருக்கிறேன். எங்கள் சிஸ்டர் பிலோமினா, கேள்வித்தாளில் உள்ள குறிப்பைப் படிக்காமல் பேனாவைத் திறந்தால் ஸ்கேலாலேயே போடுவார். அதனால் குறிப்பு என்றால் நான் தவறவிடுவதில்லை.

இவர் அந்த அறிவிப்பைத் தவறவிட்டார் என்று கூடச் சொல்ல முடியாது. அதன் மேலேயே அட்டை மடிப்பை வைத்து, பசை தடவி, ஸ்கேலால் அழுத்தி ஒட்டியிருந்தார். நாற்பத்து மூன்று புத்தகத்திலும்.

ஆக, ஒவ்வொரு புத்தகத்தையும் மனிதர் பின்னாலிருந்து முன்னால் படித்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் என்ன ஆகும்? ஒரு அசடு வழியும். உடனே ஒரு கோபம் வரும். மறுநாள் காத்தான் வருவார். வாயை மூடிக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் வாயை மூடிய முதல் சந்தர்ப்பம் அது. அதற்குக் கிடைத்த பலனைப் பார்த்தால் இன்னும் இரண்டு தடவை மூடியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

சித்திரை வெயிலில் நான் வடாம் போடுவேன். வழக்கமாக மொட்டை மாடிக்கு ஏறு என்றால் முழங்கால் வலி என்பவர், இந்த வருஷம் தானாக முன்வந்து, "காக்கா ஓட்டறதுக்கு நான் போறேன் வள்ளி" என்றார். கையில் நில அளவை விதிகள். தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி. ஒரு வாரத்தில் ஸ்ரீரங்கத்துக் காக்காய்கள் எல்லாம் பறக்க முடியாத அளவுக்குக் கொழுத்துவிட்டன. வடாம் அரை டப்பா தேறியது.

நடுநடுவே மாடியிலிருந்து குரல் வரும்.

"வள்ளி! ம்யூட்டினின்னா என்ன?"

"கப்பல்ல வேலை பாக்கறவங்க எல்லாம் கேப்டனை எதுத்துக்கிட்டுக் கிளம்பறது. எதுக்கு?"

"விதியில வருது."

"நில அளவை விதியில கப்பலா?"

"கடலோர நிலம்."

"வீட்டுல நடந்தாலும் அதுக்குப் பேரு ம்யூட்டினிதான். ஞாபகம் வெச்சுக்குங்க."

வைகாசி முடியும்போது நாற்பத்து மூன்றும் முடிந்தது. முடித்தவருக்குப் பேச ஆள் இல்லை. சாம்பார் ஊற்றும்போது வாய் திறப்பார், மூடுவார். பாவமாகத்தான் இருந்தது. கடைசிப் புத்தகத்தில் ஒரு சின்ன அட்டை செருகியிருந்தது. கப்பல் படம், கீழே ஒரு க்யூ.ஆர். கோடு, 'ஒன்பதாம் கடல் தமிழ் மாலுமிகள்' என்று எழுத்து. புத்தகத்தோடு வந்த அட்டை என்று இவர் நினைத்துக்கொண்டார். அதை அங்கே செருகியது யார் என்று நீங்கள் கேட்கக்கூடாது.

அது ரஞ்சனி நடத்துகிற டெலிகிராம் குழு. இரண்டாயிரம் பேர். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ரஞ்சனிக்கு அங்கே 'சுக்கான்' என்று பெயர், கப்பலைத் திருப்புகிற அதே சுக்கான். நானும் உள்ளே இருக்கிறேன், 'மணப்பாறை முறுக்கு' என்ற பெயரில். ரஞ்சனிதான் சேர்த்துவிட்டாள். பேச மாட்டேன். வேடிக்கை மட்டும்.

இரண்டே நாளில் குழுவில் புது உறுப்பினர் வந்தார். பெயர்: சுரேஷ்குமார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுரேஷ்குமார் என்பது இவருடைய பழைய மேலதிகாரி. பத்து வருஷம் இவர் லீவு லெட்டரைத் திருப்பி அனுப்பியவர். உலகத்தில் எவ்வளவோ பெயர் இருக்க, மாட்டிக்கொண்டால் அவர் மாட்டட்டும் என்று இவர் கணக்குப் போட்டிருக்கிறார்.

சுரேஷ்குமாரின் முதல் பதிவு இது. ஒரு எழுத்து மாற்றவில்லை.

'பொருள்: கடைசிப் பெட்டி இருக்கும் இடம், கருத்துரு சமர்ப்பித்தல் தொடர்பாக.

பார்வை: தொகுதி 1, பக்கம் 180. தொகுதி 12, பக்கம் 94.

மேற்காண் பொருள் தொடர்பாக, கேப்டன் டொமாரு புதிய கடலை நோக்கி முன்னேறிச் செல்வதாக அனைவரும் கருதி வருகின்றனர். இது ஏற்கத்தக்கதல்ல. ஒவ்வொரு தொகுதியிலும் ஆட்கள் முதலில் அழுகின்றனர், பிறகே அடிபடுகின்றனர். முதலில் பிரிகின்றனர், பிறகே சந்திக்கின்றனர். எனவே கப்பல் வெளியே போகவில்லை, வீடு திரும்பிக்கொண்டிருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. நிலம் அளப்பவன் எந்தக் கல்லில் தொடங்கினானோ அதே கல்லில் வந்து முடித்தால்தான் அளவு சரி. ஆகவே கடைசிப் பெட்டி டொமாருவின் சொந்த வீட்டு வாசலில் உள்ளது எனப் பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது.'

பத்தே நிமிஷத்தில் குழு வெடித்தது. 'தலைவா!' 'மெய்சிலிர்த்துப் போச்சு.' 'இத்தனை வருஷமா நாம கதையைத் தலைகீழாப் பார்த்திருக்கோமா?' அவர்கள் நேராகத்தான் பார்த்திருந்தார்கள். தலைகீழாகப் பார்த்தவர் எங்கள் வீட்டு ஹாலில் லுங்கியோடு உட்கார்ந்து, போனைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பாராட்டுக்கும் 'பெறப்பட்டது' என்று பதில் போட்டுக்கொண்டிருந்தார்.

சுக்கான் எழுதினாள்: 'சார், இருபது வருஷத்துல யாருக்கும் இது தோணல. நீங்க யாரு சார்?'

'ஓய்வு பெற்ற அலுவலர்' என்றார் சார்.

அன்றைக்கு ஆறரை மணிப் போனில் ரஞ்சனி குதித்தாள்.

"அம்மா, பாத்தியா அந்த சுரேஷ்குமார் சாரை? இந்த வயசுல என்ன மூளைம்மா! கல்லு, அளவுன்னு எழுதறாரு. அப்பா டிபார்ட்மெண்ட்டா இருப்பாரோ? அப்பாவுக்குத் தெரிஞ்சவரா இருக்கும்."

"நல்லாவே தெரிஞ்சவர்தான்" என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த விவகாரம் முழுக்க நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கான்வென்ட்டில் படித்தவள்.

"அவர்கிட்ட இருந்து அப்பா கொஞ்சம் கத்துக்கலாம்லம்மா. எவ்வளவு மரியாதையாப் பேசறார் தெரியுமா? நான் ஒரு கருத்து சொன்னா, 'தங்கள் கருத்து பரிசீலிக்கப்பட்டது, ஏற்கப்படுகிறது'ங்கறார். ஏற்கப்படுகிறதும்மா! நம்ம வீட்ல என்னிக்காவது அந்த வார்த்தை கேட்டிருக்கமா?"

போனை வைத்தேன். டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டாங்களாமா?" என்றார் இவர்.

"ஆச்சாம்."

"வள்ளி, பொதுவாச் சொல்றேன். சில வீட்டுல பிள்ளைங்க என்னமா யோசிக்குது தெரியுமா. சுக்கான்னு ஒரு பொண்ணு. பேப்பர்ல படிச்சேன். தப்பைச் சுட்டிக் காட்டினாக்கூட எவ்வளவு பக்குவமா, 'சார், இதையும் கொஞ்சம் பாருங்க'ன்னுது. அதைப் பெத்தவன் குடுத்து வெச்சவன்."

"அப்படியா?"

"நம்மளும்தான் ஒண்ணு பெத்தோம்."

"ஆமா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் மிளகாய் வற்றல் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தால் கேட்பாரே.

ஒன்றரை மாதம் இது நடந்தது. தினம் காலை காபியோடு சுரேஷ்குமார் சாரும் சுக்கானும் சண்டை போட்டார்கள். டொமாருவின் அப்பா நல்லவரா கெட்டவரா என்று மட்டும் ஒன்பது நாள் ஓடியது. 'அவர் பேசத் தெரியாத ஆள், அவ்வளவுதான்' என்றார் சார். 'பேசத் தெரியலைன்னா கத்துக்கணும் சார்' என்றாள் சுக்கான். 'பரிசீலனையில் உள்ளது' என்றார் சார்.

ஆடி மாதம் குழுவில் ஒரு அறிவிப்பு. நேரில் கூடலாம். சென்னை, கோயம்புத்தூர், மதுரை எல்லாருக்கும் நடுவில் திருச்சி. சனிக்கிழமை மூன்று மணிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இருந்தால் இடத்துக்கு வழி சொல்லப்படும். முக்கிய நிகழ்ச்சி: சுரேஷ்குமார் சார் தன் கருத்துருவை நேரில் விளக்குவார்.

ரஞ்சனி எனக்குப் போன் போட்டாள். "அம்மா, தில்லை நகர்ல ஒரு ஹால் பாத்தோம், கிடைக்கல. பதினஞ்சு பேர். எங்க உட்கார வைக்கறதுன்னே தெரியல."

"நம்ம வீட்டு ஹாலுக்கு என்ன?"

"அப்பா?"

"அப்பா அன்னைக்கு ஒரு மீட்டிங் போறார். மதியமே கிளம்பிடுவார்."

"நிஜமாவா? திடீர்னு வந்து நின்னுட மாட்டாரே?"

"மீட்டிங் ஆரம்பிக்காம அவர் வீட்டுப் பக்கம் வரமாட்டார். அதுக்கு நான் பொறுப்பு."

ஒரு பொய் உண்டா சொல்லுங்கள்?

இந்தப் பக்கம் இவர் இரண்டு நாளாகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

"வள்ளி, சனிக்கிழமை எனக்குக் கொஞ்சம் வெளி வேலை. சுரேஷ்குமார் சார் விஷயமா."

"போயிட்டு வாங்க. நல்லதாப் போச்சு. அன்னைக்கு வீட்டுல பதினஞ்சு பேர் வராங்க."

"யாரு?"

"ஒரு புஸ்தகத்தைப் பத்தி உக்காந்து பேசுவாங்க. பக்தி ஜாஸ்தி. உங்களுக்குச் சரிப்பட்டு வராது."

"பாராயணமா? ஐயோ, நான் ஏழு மணிக்குத்தான் வருவேன்" என்றார், சந்தோஷமாக.

கீழ் வீட்டு லூர்துராணியிடம் நாற்காலி கேட்கப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவளிடம் சொல்லாமல் இந்த அடையவளஞ்சான் தெருவில் எதுவும் நடக்காது.

"ஏங்க்கா, கதவைத் திறந்ததும் அப்பாவும் பொண்ணும் அடிச்சுக்கிட்டா?"

"பதினஞ்சு பேர் முன்னாடி அடிச்சுக்க மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் கௌரவம் ஜாஸ்தி."

"திரும்பிப் போயிட்டாருன்னா?"

அதைத்தான் நான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். வாசல்வரை வந்துவிட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று ரோஷப்பட்டுத் திரும்பினால் அவ்வளவுதான். பதினோரு மாதம் பதினோரு வருஷமாகிவிடும். பேச ஒரு சுரேஷ்குமாரும் மிஞ்ச மாட்டார்.

"போகமாட்டார் லூர்து" என்றேன். ஆனால் வாசல் வரை போனவள் திரும்பி வந்து, "எதுக்கும் அன்னைக்கு ஒரு ஜபம் பண்ணிடு" என்றேன்.

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு இவர் கிளம்பினார். இஸ்திரி போட்ட சட்டை, பவுடர், கையில் மஞ்சள் பை. பைக்குள் பாகம் 1-ம் பாகம் 12-ம். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அவர் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போக, எதிரே வந்த ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ரஞ்சனி வந்து இறங்கினாள். காவிரிப் பாலத்தில் இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று தாண்டியிருக்கும்.

மூன்று மணிக்குக் குழுவில் ஒரு வரைபடம் போட்டாள். கொள்ளைக்காரர்கள் அல்லவா, சாதாரணமாக விலாசம் கொடுக்க மாட்டார்களாம். சத்திரத்தில் தொடங்க வேண்டும். மலைக்கோட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டு, பெருங்கடலைத் தாண்டி, பதின்மூன்று அடுக்குக் கலங்கரை விளக்கத்துக்குள் நுழைந்து, இடது, வலது, இடது. பெருங்கடல் என்றால் காவிரி. கலங்கரை விளக்கம் என்றால் எங்கள் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். அவள் கை வேலை அவ்வளவு அழகாக இருந்தது.

மற்ற பிள்ளைகள் எல்லாம் ஆட்டோக்காரரிடம் படத்தைக் காட்டி இருபது நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். சர்வேயர் மட்டும் அளந்து நடந்தார்.

நான் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் ரஞ்சனி போனைப் பார்த்து எல்லாருக்கும் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"சுரேஷ்குமார் சார் மெசேஜ்! 'பார்வையில் கண்ட வரைபடத்தின்படி பெருங்கடல் கடக்கப்பட்டது. நீர்வரத்து அதிகம்.'"

கைதட்டல்.

"'மாம்பழச்சாலை வந்தடையப்பட்டது. ஒரு டீ அருந்தப்பட்டது.'"

விசில்.

"'கலங்கரை விளக்கத்துள் பிரவேசித்தாயிற்று. இப்பகுதி எனக்குப் பரிச்சயமானது. தெரிந்தவர்கள் பார்வையில் படாவண்ணம் ஓரமாக வருகிறேன்.'" ரஞ்சனி சிரித்தாள். "பாவம், ஏன் ஒளியறாரு?"

ஒரு பஜ்ஜி கருகியது. நான் திருப்பவில்லை.

"'வரைபடத்தில் பிழை இருப்பதாகத் தெரிகிறது. இது அடையவளஞ்சான் தெரு.'"

'பிழை இல்ல சார், வாங்க வாங்க' என்று அவள் தட்டினாள்.

பிறகு 'டிங்' என்றது.

"'வரைபடத்தில் கண்ட வீடு என் சொந்த வீடு. இதற்கு என் ஆட்சேபணை...'"

குரல் அங்கே நின்றுவிட்டது. ரஞ்சனி போனையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஜல்லிக்கரண்டியோடு நான் அடுப்படி வாசலில் நின்றேன். அவள் நேரே போய்க் கதவைத் திறந்தாள்.

வெளியே மஞ்சள் பையோடு, வேர்த்து வழிந்து, பவுடர் எல்லாம் கோடு கோடாக, எங்கள் வீட்டு மிதியடிக்கு ஓரடி தள்ளி, என் வீட்டுக்காரர். பாதி திரும்பிய நிலை. ஒரு கால் மாடிப்படியைப் பார்த்து, ஒரு கால் வீட்டைப் பார்த்து.

"சுரேஷ்குமார் சாரா?" என்றாள்.

"சுக்கானா?" என்றார்.

கீழ் வீட்டில் லூர்துராணி ஜபம் பண்ணுவது எனக்குக் கேட்டது.

"பொம்பளப் பிள்ளை சுக்கான்னு பேரு வெச்சுக்குமா?" என்றார் கடைசியில்.

"பிச்சமுத்துன்னு பேரு இருக்கும்போது சுரேஷ்குமார்னு வெச்சுக்கலாமாப்பா?"

அந்த 'அப்பா' வந்துவிட்டது. பதினோரு மாதம் கழித்து. மாடிப்படியைப் பார்த்த கால் மெதுவாக வீட்டைப் பார்த்துத் திரும்பியது.

"நான்தான் எழுதினேனேம்மா. தொடங்கின கல்லுலதான் வந்து முடியும்னு."

"ஏற்கப்படுகிறது. உள்ள வாங்க. பஜ்ஜி ஆறுது."

அவர் கையிலிருந்த மஞ்சள் பையை அவள் வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். கட்டிப்பிடிப்பதெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் உள்ளே வரும்போது இவர், "படம் நீ போட்டதா? ரோடு வளைவு அளவு பிசகாம இருக்கு" என்றார். முப்பத்து மூன்று வருஷத்தில் எந்த டிராப்ட்ஸ்மேனுக்கும் அந்த வார்த்தையை அவர் கொடுத்ததில்லை. அது அவளுக்குத் தெரியும். குனிந்து பஜ்ஜித் தட்டை எடுத்தவள் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

இத்தோடு விட்டிருந்தால் இவருக்கு நல்ல பெயர். ஆனால் கருத்துரு விளக்க வேண்டுமே. பத்து வயசு குறைந்த மாதிரி எழுந்து நின்றார். பையிலிருந்து பாகம் ஒன்றை எடுத்தார். பிள்ளைகள் வாய் பிளந்து காத்திருந்தார்கள்.

"முதல் பக்கத்துக்கு வருவோம்" என்று சொல்லி, இடப்பக்கத்திலிருந்து திறந்தார்.

மதுரையிலிருந்து வந்த மலர்க்கொடி என்ற பெண் கையைத் தூக்கினாள். "அங்கிள், அது கடைசிப் பக்கம்."

"இல்லம்மா, இதான் முதல் பக்கம்."

"இல்ல அங்கிள், புக்கை இந்தப் பக்கமாத் திறக்கணும். அதுல எழுதியே இருக்குமே." வந்து, பழுப்பு அட்டையின் மடிப்பை நகத்தால் சுரண்டினாள். மைதா பசை லேசில் விடவில்லை. கிழிந்த ஓட்டை வழியாக ஒரே ஒரு வார்த்தை எட்டிப் பார்த்தது: 'நில்லுங்கள்!'

நின்றார்.

"பக்க நம்பர் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சே... அது சஸ்பென்ஸுக்குன்னுல்ல நெனச்சேன்" என்றார் மெல்ல.

வீடு அதிர்ந்தது. ரஞ்சனி சிரித்த சிரிப்பில் லூர்துராணி மேலே ஓடி வந்துவிட்டாள். பிள்ளைகள் யாரும் கேலி செய்யவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "அங்கிள், யூகம் அப்படியேதான் இருக்கு. நீங்க போன வழிதான் வேற" என்றாள் மலர்க்கொடி. மகராசி, நன்றாக இருக்கட்டும்.

இவர் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"வள்ளி, உனக்குத் தெரியுமா இது?"

"சித்திரையிலயே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க படிச்சது நில அளவை விதிதானே? எனக்கு அதைப் பத்தி என்ன தெரியும்?"

அவர் எட்டு பஜ்ஜி சாப்பிட்டார்.

இப்போது மறுபடியும் முதல் பாகத்திலிருந்து, சரியான பக்கமாக, படித்துக்கொண்டிருக்கிறார். அட்டையெல்லாம் கிழித்தாயிற்று. தலைமறைவு தேவையில்லாததால் ஹாலிலேயே. பேர் வாயில் நுழையாத ஒரு ஜப்பான் மனிதருக்கு, அவர் இன்னும் முடிக்காத கதைக்கு, தினமும் விளக்கேற்றும்போது நான் மனசுக்குள் ஒரு நன்றி சொல்கிறேன். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவர் இப்போதைக்குச் சொல்லிவிட வேண்டாம் என்றும் வேண்டிக்கொள்கிறேன். எங்களுக்குப் பேச இன்னும் நிறைய இருக்கிறது.

எங்களுக்கு என்றா சொன்னேன்? நேற்று ஆறரைக்குப் போன் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து எடுத்தேன்.

"ரஞ்சி, சாப்பிட்டியா கண்ணு?"

"ஆச்சும்மா. போனை சுரேஷ்குமார் சார்கிட்ட குடு."